உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும்போதே அதன் வணிகத்தைக் கொழும்பில் எங்கே பழகுவது?

கேள்வி – வெள்ளவத்தை மாணவி ஒருவர், 2024 மே 6

நான் கொழும்பில் உயிர்த்தொழில்நுட்பப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஆய்வுகூட வேலை பிடித்திருக்கிறது. ஆனாலும் இந்தத் துறையின் வணிகப் பக்கத்தில் கைப்பழக்கம் பெற வேண்டும் என்பதே என் விருப்பம். புதிய மருந்து கண்டுபிடிக்கும் கம்பனிகள் இங்கே அரிது. ஆகவே அந்த அனுபவம் வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போக வேண்டியதுதான் என்று எங்கள் வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா, அக்கா? இல்லையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

2024 மே 6, இரவு

உண்மையில்லை. ஒரு மூலக்கூறு பல ஆண்டுச் சோதனைகளைத் தாண்டி மருந்தாகி விற்பனைக்கு வருவது இத்துறை வணிகத்தின் ஒரு பகுதி மட்டுமே. அதைக் கொழும்பில் பார்ப்பது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பி.சி.ஆர். சோதனைக்கு (மாதிரியிலுள்ள மரபணுப் பொருளைப் பெருக்கிக் கிருமியைக் கண்டறியும் சோதனை) யார் பணம் கொடுக்கிறார், அதற்கான சோதனைப்பொருள் எந்த நாட்டிலிருந்து எந்த வெப்பநிலையில் வருகிறது, அது ஏன் சுங்கத்தில் நிற்கிறது, முடிவு ஒரு நாள் பிந்தினால் யாருக்கு நட்டம் என்ற கேள்விகளுக்கு இந்த நகரத்தில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் விடை சொல்லிச் சம்பளம் வாங்குகிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை கிடைப்பதுதான் நீங்கள் தேடும் அனுபவம்.

அந்தக் கதிரைகள் இருக்கும் இடங்கள் பல. தனியார் நோயறி ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. உபகரணங்களையும், ஒரு சோதனைக்கு வேண்டிய பொருள்கள் அடங்கிய கிட்களையும் இறக்குமதி செய்யும் முகவர் நிறுவனங்கள் இருக்கின்றன. ஏற்றுமதி உணவைப் பரிசோதிக்கும் கூடங்களும், அலங்காரச் செடிகளையும் மீன்தொட்டித் தாவரங்களையும் இழைய வளர்ப்பில் பெருக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் பண்ணைகளும் இருக்கின்றன. அரச பக்கத்தில் பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தைப் பாருங்கள். 1955இல் சி.ஐ.எஸ்.ஐ.ஆர். என்ற பெயரில் தொடங்கிய அந்த நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு தொழில்துறைக்குச் சோதனை செய்து கொடுக்கிறது. அரச ஆய்வுகூடம் ஒன்று வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறது என்பதை அங்கே காணலாம். ஹோமாகமவிலுள்ள நனோதொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக் 2008இல் அரசும் தனியாரும் கூட்டாகத் தொடங்கியது. ஆய்வையும் கைத்தொழிலையும் ஒரே கூரையின் கீழ் இணைக்க முயலும் இடம் என்ற வகையில் அதையும் அறிந்து வைத்திருங்கள்.

2024 மே 7

ஒரு விடயத்தை நேற்று எழுதாமல் விட்டேன். எந்த நிறுவனத்தில் இடம் கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், இந்த வாரமே தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு: ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, அதைச் செய்ய உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று முதலிலிருந்து கடைசிவரை கணக்குப் பார்ப்பது.

பி.சி.ஆர். சோதனை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கிட்டின் விலையை அதிலுள்ள சோதனைகளின் எண்ணிக்கையால் பிரித்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று மாணவர்கள் நினைப்பதுண்டு. அங்கேதான் கணக்குத் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை இயந்திரத்தை ஓட்டும்போதும், சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்க, முடிவு முன்னமே தெரிந்த ஒரு நேர்க் கட்டுப்பாட்டு மாதிரியும் ஓர் எதிர்க் கட்டுப்பாட்டு மாதிரியும் வைக்க வேண்டும்; அவற்றுக்கு எந்த நோயாளியும் பணம் தருவதில்லை. இயந்திரத்தில் 96 குழிகள் இருந்தாலும் அன்றைக்கு வந்தவை ஆறு மாதிரிகள்தான் என்றால், எட்டுக் குழிகளில் இரண்டு, அதாவது செலவான சோதனைப்பொருளில் 25 வீதம், கட்டுப்பாட்டுக்கே போய்விடுகிறது. அதே நாளில் 46 மாதிரிகள் வந்திருந்தால் 48இல் இரண்டு. ஏறத்தாழ 4 வீதம். ஆகவே மாதிரிகளைச் சேர்த்து வைத்து ஒன்றாக ஓட்டுவது மலிவு. ஆனால் வைத்தியருக்கு முடிவு இன்றைக்கே வேண்டும். நாளைக்குத் தருகிறோம் என்றால் அவர் அடுத்த தெருவிலுள்ள கூடத்துக்கு அனுப்பிவிடுவார். மலிவுக்கும் வேகத்துக்கும் இடையிலுள்ள இந்த இழுபறியை ஒவ்வொரு காலையும் ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தை அருகிலிருந்து பார்ப்பது எனக்கு எந்த விரிவுரையும் தராத கல்வியைத் தந்தது.

அதன்மேல் மீளச் செய்யும் சோதனைகள், காலாவதியாகித் தூக்கி எறியப்படும் கிட்கள், திரவத்தை அளந்தெடுக்கும் பைப்பெட்டுகளின் அளவுத் திருத்தம், மின் தடைப்பட்டால் ஓடும் ஜெனரேட்டர், மாதிரியை ஏற்றிவரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் சம்பளம், தர அங்கீகாரத்தைத் தக்கவைக்கும் செலவு எல்லாவற்றையும் சேருங்கள். மருத்துவ ஆய்வுகூடங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15189, ஏனைய சோதனைக் கூடங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 17025 என்ற தரங்கள் உள்ளன. அவற்றைத் தேர்வுக்குரிய பாடமாகப் படித்திருப்பீர்கள். ஒரு கூடத்தின் செலவுப் பட்டியலில் அவை எத்தனை வரிகளாக விரிகின்றன என்பதைப் பார்த்தால் வேறு விதமாக விளங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஆய்வுகூடங்களில் நிற்கும் பெரிய இயந்திரங்கள் அந்தக் கூடங்களுக்குச் சொந்தமானவையல்ல. முகவர் நிறுவனம் இயந்திரத்தைக் கட்டணமில்லாமல் கொண்டுவந்து வைத்துவிடும். அதற்கு ஈடாக மாதம் இத்தனை கிட் தன்னிடமே வாங்க வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளும். இந்த ஏற்பாடு விளங்கிய பிறகு, ஒரு புதிய, மலிவான, நல்ல கிட் சந்தைக்கு வந்தாலும் ஆய்வுகூடம் ஏன் அதை உடனே வாங்குவதில்லை என்ற கேள்விக்கு விடை தானாகக் கிடைக்கும். புதிய கிட் செய்ய விரும்பும் மாணவக் குழுக்கள் முதலில் அறிய வேண்டியது இதைத்தான்.

2024 மே 9

கீழே ஒரு தம்பி, தொழில்முனைவோர் போட்டிகளில் பங்குபற்றினால் போதாதா என்று கேட்டிருக்கிறார். பங்குபற்றுங்கள். மேடையில் சுருக்கமாகப் பேசப் பழகுவது நல்லதுதான். ஆனால் அங்கே நடுவர்கள் பார்ப்பது பெரும்பாலும் பத்து ஸ்லைட்கள். வாடிக்கையாளர் பார்ப்பது முடிவு சரியா இல்லையா என்பது. அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்பவர் 2003இல், 19 வயதில், தெரானோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தில் ஏராளமான சோதனைகளைச் செய்யலாம் என்று சொல்லிப் பெரும் முதலீடு திரட்டினார். இயந்திரம் அதைச் செய்யவில்லை. நிறுவனம் 2018இல் மூடப்பட்டது. 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். பணம் போட்டவர்களில் ஒருவராவது சாதாரண நோயறி ஆய்வுகூடமொன்றில் ஒரு மாதம் நின்றிருந்தால், குத்தி எடுத்த துளி இரத்தத்தில் இழையத் திரவம் கலக்கும், உயிரணுக்கள் உடையும், அதனால் சில அளவீடுகள் பிறழும் என்பதை அங்குள்ள தொழில்நுட்பவியலாளரே சொல்லிக்கொடுத்திருப்பார்.

2024 மே 12

உலகின் பெரிய உயிர்த்தொழில்நுட்பக் கம்பனிகள் எப்படித் தொடங்கின என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் ஜெனென்டெக்கை 1976இல் இருவர் தொடங்கினார்கள். ஹெர்பர்ட் போயர் ஆய்வாளர். ரொபர்ட் சுவான்சன் முதலீட்டுத் துறையில் வேலை பார்த்த 28 வயது இளைஞர், இரசாயனவியலும் முகாமைத்துவமும் படித்தவர். அவர்கள் தேர்ந்தெடுத்த முதற் பெரிய இலக்கு மனித இன்சுலின். ஏன் இன்சுலின்? அதை வாங்குவோர் முன்னமே இருந்தார்கள். அப்போது பன்றியினதும் மாட்டினதும் கணையத்திலிருந்து இன்சுலின் எடுக்கப்பட்டு வந்தது. அதை விற்றுக்கொண்டிருந்த எலை லில்லி நிறுவனத்துக்கு மூலப்பொருள் போதாமற் போகும் என்ற கவலை இருந்தது. 1978இல் பக்டீரியாவில் மனித இன்சுலின் உற்பத்தியானது. லில்லியுடன் ஒப்பந்தம் ஆனது. 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. தொழிற்சாலை, மருத்துவச் சோதனை, விற்பனை வலையமைப்பு எல்லாம் லில்லியிடம் இருந்தன. சிறிய கம்பனியிடம் அறிவு இருந்தது. யாரிடம் எது இருக்கிறது என்று பார்த்துச் செய்த பங்கீடு அது.

நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் பெங்களூரில் இருக்கிறது. கிரண் மஜும்தார் ஷா அவுஸ்திரேலியாவில் பியர் வடிக்கும் தொழிலைப் படித்தவர். 1978இல் ஒரு வாகனக் கொட்டகையில், பத்தாயிரம் இந்திய ரூபாய் முதலுடன் பயோகொன்னைத் தொடங்கினார். முதலில் விற்றவை இரண்டு: பப்பாசிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்ன் நொதியம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ். இரண்டுமே பியரைத் தெளிய வைக்கப் பயன்படுபவை. தான் படித்த தொழிலில் வாங்குவோர் யார், அவர்கள் எந்தத் தரத்தில் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அயர்லாந்து நிறுவனம் ஒன்று பங்காளியாகவும் இருந்தது. புற்றுநோய் மருந்துகளும் இன்சுலினும் மிகப் பிந்தி வந்தவை. பப்பாசிப் பாலை உலர்த்தி ஏற்றுமதி செய்த நாடுகளில் அந்தக் காலத்து இலங்கையும் ஒன்று என்பதை இங்கே படிக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

2024 மே 13

நேற்று எழுதியதை வாசித்த ஒருவர், அப்படியானால் ஆய்வுக்கு மதிப்பில்லையா, வாங்குவோர்தான் எல்லாமா என்று சற்றுக் கோபமாகக் கேட்கிறார். மதிப்பு இருக்கிறது, அந்த மதிப்பை உலகத்துக்குக் கொண்டுசேர்ப்பதும் ஒரு தொழில் என்கிறேன். டி.என்.ஏ. துண்டுகளை இணைத்துப் பெருக்கும் முறைக்கு ஸ்டான்லி கோஹனும் போயரும் உரியவர்கள். 1974இல் அதற்கு ஆக்கவுரிமை (பேட்டன்ட்) விண்ணப்பம் போட வைத்தவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உரிமங்களுக்குப் பொறுப்பாயிருந்த நீல்ஸ் ரைமர்ஸ். கோஹன் முதலில் தயங்கினார். 1980இல் உரிமை கிடைத்தபோது, ஒரே கம்பனிக்கு முழு உரிமையை விற்காமல், தொடக்கத்தில் பத்தாயிரம் டொலர் என்ற அளவில் கேட்ட எல்லோருக்கும் உரிமம் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பெற்றுக்கொண்டன. உரிமைக் காலம் முடியும்போது மொத்த வருமானம் 25 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. ரைமர்ஸ் செய்த வேலைக்கு நம் பல்கலைக்கழகங்களிலும் ஆட்கள் தேவை. மாணவராக இருக்கும்போதே உங்கள் பல்கலைக்கழகத்தில் ஆக்கவுரிமை விண்ணப்பங்களை யார் கவனிக்கிறார் என்று விசாரித்து, அவருக்கு ஒரு தேடல் வேலையில் உதவுங்கள். ஏற்கெனவே உள்ள ஆக்கவுரிமைகளைத் தேடி ஒப்பிட்டு இரண்டு பக்கக் குறிப்பு எழுதக்கூடிய மாணவரை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

2024 மே 19

இறக்குமதி முகவர் நிறுவனங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். என் அனுபவம் அங்கேதான் தொடங்கியது. மாணவியாக இருந்தபோது விடுமுறைகளில் அப்படியான ஓர் அலுவலகத்தில் விலைமனுக்களைத் தட்டச்சுச் செய்தேன். வெறும் எழுத்துவேலை என்று தோன்றலாம். ஆனால் விலைமனு ஒன்றில் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது: விலை எத்தனை நாளுக்குச் செல்லும், பணம் முன்னதாகவா பின்னதாகவா, பொருள் வந்து சேரும்போது காலாவதிக்கு எத்தனை மாதம் மிச்சம் இருக்க வேண்டும், இயந்திரம் பழுதானால் யார் வருவார். அரச மருத்துவமனைக்குப் போகும் மனுவும் தனியார் கூடத்துக்குப் போகும் மனுவும் ஏன் வெவ்வேறாக இருக்கின்றன என்று கேட்டுக் கேட்டே நான் இந்தத் தொழிலைப் படித்தேன்.

நொதியங்கள் உலர்பனியில் பொதியாக வரும். உலர்பனி காற்றோடு காற்றாகக் கரைந்துகொண்டே இருப்பது. வெள்ளிக்கிழமை கட்டுநாயக்கவில் இறங்கிய பொதி, சனி ஞாயிற்றோடு திங்கட்கிழமைப் போயா விடுமுறையும் சேர்ந்துவிட்டால், ஒரு ஆவணம் குறைந்ததற்காக மூன்று நாள் நிற்க நேரிடும். ஆகவே அனுப்புபவரிடம் வியாழக்கிழமை ஏற்றாதீர்கள் என்று எழுதுவதும், நம் நாட்காட்டியில் போயா எப்போது என்று அவருக்குத் தெரிவிப்பதும், ஆவணங்களைப் பொதிக்கு முன்னதாகவே பெற்றுச் சரிபார்ப்பதும் வேலையின் பகுதி. குளிர்ச் சங்கிலி என்று பாடநூலில் ஒரு பந்தியாக இருப்பது, அலுவலகத்தில் தொலைபேசியும் நாட்காட்டியும் சிங்களத்தில் பணிவாகப் பேசத் தெரிந்த ஒருவருமாக இருக்கிறது. மொழி விடயத்தில் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: சுங்கத்தில் சிங்களம், பட்டியல்களில் ஆங்கிலம், புத்தளத்திலும் வடக்கு கிழக்கிலுமுள்ள வாடிக்கையாளரிடம் தமிழ் என்று மூன்றும் தேவைப்படுகின்ற வேலை இது. மூன்றிலும் கடிதம் எழுதத் தெரிந்தவருக்கு இடம் உண்டு.

2022ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு வந்தது. 500 டொலர் கிட் ஒரு இலட்சம் ரூபாயிலிருந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரமாக ஆனது. இடையில் பழைய விலையில் மனுக் கொடுத்திருந்தவர் என்ன செய்வது? கொடுத்த வாக்கைக் காப்பாற்றி நட்டப்படுவதா, வாடிக்கையாளரிடம் போய் விலையைத் திருத்தக் கேட்பதா? எந்த மருத்துவமனைக்கு இருப்பிலுள்ளதைக் கொடுப்பது, யாரைக் காத்திருக்கச் சொல்வது? அந்த மாதங்களில் இத்தொழிலில் இருந்தவர்கள் நாணயமாற்றுப் பாடத்தை மறக்கவே மாட்டார்கள். இப்போது சேரும் மாணவர்கள் அவர்களிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். பலரும் மனம் திறந்து சொல்வார்கள்.

2024 மே 20

நேற்றைய குறிப்போடு சேர்க்க வேண்டிய ஒன்று. ஆய்வுகூட முடிவு ஒரு வணிக ஆவணம் என்பதற்கு 2021இல் நாடே ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்தது. இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்டிருந்த அந்த ஆண்டில் சீனாவிலிருந்து ஏற்றப்பட்ட சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கான பக்டீரியா இருப்பதாக நம் தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் அறிவித்தது. விற்றவர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை. கப்பல் இறக்க அனுமதிக்கப்படவில்லை. நாணயக் கடிதத்தின் கீழான கொடுப்பனவு நீதிமன்றம் வரை போனது. இறுதியில் 2022இல் 60 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை கொடுக்கப்பட்டது. மாதிரியை யார் எடுப்பது, எங்கே சோதிப்பது, முரண்பட்டால் எந்தக் கூடத்தின் முடிவு செல்லும் என்பவற்றை ஒப்பந்தத்தில் எவ்வளவு தெளிவாக எழுத வேண்டும் என்பதை நுண்ணுயிரியல் படிக்கும் மாணவரும் சட்டம் படிக்கும் மாணவரும் ஒன்றாக இருந்து ஆராயலாம்.

2024 மே 26

இறால் வளர்ப்பைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பக்கூடிய தூரத்தில், உயிர்த்தொழில்நுட்ப வணிகம் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதான். சிலாபம், உடப்பு, முந்தல் பக்கங்களில் இறால் குளங்கள் இருக்கின்றன. உடப்பில் தமிழிலேயே எல்லாவற்றையும் கேட்கலாம். வெண்புள்ளி வைரஸ் 1996இல் இந்தத் தொழிலைக் கடுமையாகத் தாக்கியது. அது ஒரு குளத்துக்குள் வந்துவிட்டால் மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குளம் முழுவதும் செத்துவிடக்கூடும். ஆகவே பொரிப்பகத்திலிருந்து குஞ்சுகளை வாங்கிக் குளத்தில் விடுவதற்கு முன் பி.சி.ஆர். சோதனை செய்யப்படுகிறது. நக்டா என்று எல்லோரும் அழைக்கும் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபை இதை மேற்பார்வை செய்கிறது.

இப்போது வணிகனின் கண்ணால் பாருங்கள். சோதனைச் செலவைக் குஞ்சு விற்பவர் ஏற்பதா, வாங்குபவர் ஏற்பதா? ஒரு தொட்டியிலுள்ள இலட்சக்கணக்கான குஞ்சுகளில் எத்தனையை எடுத்துச் சோதித்தால் நம்பலாம்? முடிவு வரும்வரை குஞ்சுகளுக்குத் தீனி யார் போடுவது? பக்கத்துக் குளத்தார் சோதிக்காமல் விட்டு, இருவரும் ஒரே களப்புத் தண்ணீரைப் பயன்படுத்தினால், இவர் செலவழித்த பணத்துக்கு என்ன பயன்? இந்தக் கேள்விகளோடு ஒரு நாள் சுற்றிவந்தால் ஒரு முழுப் பருவத்துச் சந்தைப்படுத்தல் பாடத்தைவிடக் கூடுதலாக விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான மன்றம் 2011இல் ஐ-கோர்ப்ஸ் என்ற பயிற்சியைத் தொடங்கியது. தங்கள் கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுபோக விரும்பும் ஆய்வாளர் குழு ஒவ்வொன்றும் நூறு பேரளவில் நேரில் கண்டு பேச வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. நாங்களும் செய்யலாம், அனுமதியோ செலவோ பெரிதாகத் தேவையில்லை. பேசும்போது, இப்படி ஒரு கிட் வந்தால் வாங்குவீர்களா என்று கேட்காதீர்கள். நம் ஊர்களில் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் முகம் முறிய இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஓம் என்பார்கள், தேத்தண்ணீரும் தருவார்கள். கடைசியாக எப்போது குளம் அழிந்தது, அப்போது யாரை அழைத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், கடன் எங்கே வாங்கினீர்கள் என்று நடந்ததையே கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது விலையும் நேரமும் மனக்குறையும் தாமாக வெளிவரும்.

2024 யூன் 2

சிறிய நிறுவனமா பெரிய நிறுவனமா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. முகவர் அலுவலகத்தைப் பற்றி நான் எழுதிய விதம், சிறியதே சிறந்தது என்ற தோற்றத்தைத் தந்திருக்கலாம். இதை இன்னும் சற்று யோசித்தேன். சிறிய இடத்தில் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது ஒரே மேசையில் தெரியும். முதலாளி வங்கியோடு பேசுவதும் காதில் விழும். பெரிய மருந்து உற்பத்தி நிலையத்திலோ அங்கீகாரம் பெற்ற பெரிய ஆய்வுகூடத்திலோ அதைக் காண முடியாது. ஆனால் அங்கே ஆவண ஒழுக்கம் கிடைக்கும்: எழுதி வைத்த நியம செயன்முறைகள், ஒவ்வொரு உற்பத்தித் தொகுதிக்குமான பதிவேடுகள், முறையிலிருந்து விலகல் ஒன்று நடந்தால் அதை எழுதி, காரணம் தேடி, மீண்டும் நடக்காமல் செய்யும் முறை. எழுதப்படாத வேலை நடக்காத வேலை என்று அங்கே பழக்குவார்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் பின்னர் வேலை தேடும்போது முதலில் பார்க்கப்படுவது இந்தப் பழக்கம்தான். முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள். என் கருத்தில் சிறியதை முதலிலும் பெரியதைப் பிறகும். பணத்தின் ஓட்டத்தைக் கண்ட பிறகு ஆவணத்தின் தேவை சுமையாகத் தெரியாது.

2024 யூன் 3

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவர்: உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் படிக்கிறாராம், பட்டதாரி மாணவர்களுக்கு மட்டும்தானா இது என்கிறார். இல்லை. களஞ்சியத்தில் காலாவதித் தேதிப்படி பொருளை அடுக்கவும், குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்கிறதா என்று பார்த்துப் பதியவும் பட்டம் தேவையில்லை. பரீட்சை முடிந்து முடிவு வரும்வரையுள்ள மாதங்கள் அதற்குப் பொருத்தமானவை.

2024 யூன் 15

கடிதம் எப்படி எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். மனிதவளப் பிரிவுக்கு எழுதும் பொதுக் கடிதங்கள் பெரும்பாலும் பதிலின்றிப் போகின்றன. தர முகாமையாளருக்கோ, களஞ்சியப் பொறுப்பாளருக்கோ, விற்பனை ஒருங்கிணைப்பாளருக்கோ எழுதுங்கள். பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் மருத்துவ உபகரணக் கண்காட்சி நடக்கும்போது போனால் அவர்களை நேரிலேயே காணலாம். மாலையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். உங்கள் புள்ளிகளையும் கனவுகளையும் நீளமாக எழுத வேண்டாம். அவர்களுக்கு இருக்கக்கூடிய ஒரு சிறிய தலைவலியைச் சொல்லி, அதை நீங்கள் செய்து தருவதாக எழுதுங்கள். உதாரணமாக: “உங்கள் களஞ்சியத்தில் கடந்த ஆண்டு காலாவதியான பொருள்களின் பட்டியலைப் பார்த்து, எவை ஏன் தேங்கின என்று தொகுத்துத் தர விரும்புகிறேன், வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் வர முடியும்.”

இடம் கிடைத்தால் எழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். வேலை நேரம், பயணச் செலவு, காயம் பட்டால் யார் பொறுப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். இரகசியக் காப்பு உடன்படிக்கை தந்தால் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விலைப் பட்டியலையும் நோயாளர் விபரத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுக்கவே கூடாது. பல்கலைக்கழக ஆய்வில் புதிதாக ஏதேனும் கண்டிருந்தால் அதைச் சுவரொட்டியாகவோ காணொளியாகவோ வெளியிடும் முன் மேற்பார்வையாளரிடம் ஆக்கவுரிமை பற்றிக் கேளுங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கவுரிமை 20 ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது; ஆனால் ஐரோப்பா போன்ற இடங்களில் விண்ணப்பிக்கும் முன் வெளியிட்டுவிட்டால் அநேகமாக உரிமை போய்விடும்.

சம்பளம் பற்றி: முழு நேரமாக மாதக்கணக்கில் ஓர் ஊழியரின் வேலையைச் செய்வித்துவிட்டுப் பஸ் காசுகூடக் கொடுக்காத இடங்கள் இருக்கின்றன. அதைப் பயிற்சி என்று ஏற்க வேண்டாம். வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமே கற்கக்கூடிய தொழிலாக இது ஆகிவிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். இலவசமாகச் செய்வதாயின் குறுகிய, எல்லை வகுத்த வேலையாக இருக்கட்டும்.

2024 யூன் 16

ஒழுங்குபடுத்தல் வேலையை நேற்று குறிப்பிடவில்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையிடம் மருந்துகளும் மருத்துவ சாதனங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். அதற்கான கோப்பைத் தயாரிப்பது பொறுமையும் விஞ்ஞான அறிவும் ஒருங்கே வேண்டிய வேலை: உற்பத்தியாளரின் தரச் சான்றுகள், பொருள் எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்ற நிலைத்தன்மைத் தரவு, செயற்பாட்டுச் சோதனை முடிவுகள், லேபலில் உள்ள ஒவ்வொரு சொல்லும். ஆய்வையும் விரும்பி வணிகத்தையும் விரும்பும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கொழும்பில் குறைவு. ஒரு கோப்பை முதலிலிருந்து கடைசிவரை அடுக்க உதவியவர், கிட் ஒன்றின் உள்ளும் புறமும் அறிந்தவராகிவிடுவார்.

2024 யூலை 8

கேள்வியைக் கேட்ட தங்கைக்கு உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் மாதிரி ஏற்கும் பிரிவில் வாரம் இரண்டு நாள் இடம் கிடைத்திருக்கிறதாம். ஆய்வுகூடத்துக்குள் அல்லாமல் வரவேற்பு மேசையில் உட்கார வைத்துவிட்டார்களே என்று சற்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். எனக்கு மகிழ்ச்சி. வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கும் ஒரே இடம் அந்த மேசைதான். முதல் வாரம் மாதிரி நிராகரிப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். எந்த நிறுவனங்களின் மாதிரி திரும்பத் திரும்ப நிராகரிக்கப்படுகிறது, காரணம் பனிக்கட்டி போதாமையா, படிவம் நிரப்பாமையா, ஓட்டுநர் பிந்தியமையா என்று பிரியுங்கள். பிறகு பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, அதிகமாக நிராகரிக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து, மாதிரி எடுக்கும் நாளில் அவர்களிடம் காலையிலிருந்து என்ன நடக்கிறது என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுதினால், செலவுக் கணக்கை அதிலிருந்து சேர்ந்து போடலாம்.